கையெழுத்து மேஜையில் நம் ஆள் யார்?

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



நம் பாலிடெக்னிக் ஃபுட்பால் டீமில் இருக்கிற ஒவ்வொருவனும் ஒரு நாளாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பான். "ஏம்ப்பா, பந்த ஒதைச்சா சோறு வருமா?" வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். அட்டெண்டன்ஸ் குறைந்தால் டிபார்ட்மெண்டிலும் கேட்பார்கள். நாமும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இந்த ஆண்டு மலரில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கால் ஓடுகிறவரை பந்து சோறு போடுமா என்பது ஒரு கேள்வி. கால் நின்றுபோன பிறகு, மைதானத்தில் கற்ற அறிவு சோறு போடுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி!

ஒரு கால்பந்து வீரனின் ஆட்டக் காலம் 33, 35 வயதில் முடிந்துவிடுகிறது. முழங்கால் சதி செய்தால் 22 வயதிலேயே முடியும். அதற்குப் பிறகு என்ன வழி? நமக்குத் தெரிந்தது மூன்றுதான். பி.டி. மாஸ்டர், கோச், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. மூன்றும் கிடைக்காதவன் எங்கள் பக்கத்தில் மறுபடி போட்டில் ஏறுவான், உங்கள் பக்கத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏறுவான். ஆனால் நாலாவதாக ஒரு நாற்காலி இருக்கிறது. வீரனும் கிளப்பும் ஒப்பந்தம் போடுகிற மேஜையில், வீரனுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிற நாற்காலி. அதில் உட்காருகிறவர் பெயர் ஸ்போர்ட்ஸ் ஏஜெண்ட். அந்த நாற்காலியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'ஏஜெண்ட்' என்றதுமே உங்களில் பாதிப் பேருக்கு முகம் சுளிக்கும். எனக்குத் தெரியும். நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது!

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. சுற்றுலா வருகிறவர்கள் பூநாரையையும் டச்சுக்காரர் கல்லறையையும் பார்த்துவிட்டு, நண்டு வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் பார்க்காத ஒன்று, கரையில் நடக்கிற கணக்கு. வலை வாங்கவும் இன்ஜின் ரிப்பேர் பார்க்கவும் வியாபாரி முன்பணம் கொடுப்பார். வட்டி கேட்க மாட்டார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று தோன்றும். ஆனால் பிடிக்கிற இறாலை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொல்கிறதுதான் விலை. சென்னையில் இறால் என்ன விலைக்குப் போகிறது என்பது வலை இழுத்தவனுக்குத் தெரியாது. இந்தக் கணக்கு இன்று நேற்று வந்ததும் இல்லை. 1613ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், சோழமண்டலக் கரையில் துணி வாங்கியதும் இப்படித்தான். அவர்கள் உள்ளூர்த் தரகர் கையில் முன்பணம் கொடுப்பார்கள், தரகர் நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார். துணி கப்பல் ஏறிப் போகும். நெசவாளிக்கு அது போய்ச் சேர்ந்த சந்தையும் தெரியாது, விற்ற விலையும் தெரியாது.

ஆகவே எங்கள் ஊரில் இடைத்தரகன் என்றால் எந்தப் பக்கம் நிற்கிறவன் என்று முதலில் பார்ப்போம். வலைப் பக்கமா, சந்தைப் பக்கமா? ஸ்போர்ட்ஸ் ஏஜெண்ட் விஷயத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

சரி, ஸ்போர்ட்ஸ் ஏஜெண்ட் என்னதான் செய்கிறார்? வீரனுக்கு ஏற்ற கிளப்பைத் தேடுகிறார். சம்பளம் பேசுகிறார். ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, சம்பளம் வராவிட்டால் விலகலாமா, கோல் போட்டால் போனஸ் உண்டா, ஷூ கம்பெனி விளம்பரப் பணம் யாருக்கு என்று ஒவ்வொரு ஷரத்தாகப் பார்க்கிறார். இதற்காக வீரனின் வருமானத்தில் ஒரு சதவீதம் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான். இதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்ததற்கு முக்கியமான காரணம் ஒரு சாதாரண ஆட்டக்காரன்! பெல்ஜியம் நாட்டின் ழான் மார்க் போஸ்மன். 1990ல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பழைய கிளப் மிகக் குறைந்த சம்பளத்துக்குத்தான் தொடரலாம் என்றது. பிரான்ஸில் டன்கர்க் கிளப்புக்குப் போகலாம் என்றால், பணம் கொடுத்தால்தான் விடுவோம் என்று பிடித்து வைத்தது. ஒப்பந்தமே முடிந்துவிட்டது, பிறகு எப்படிப் பிடித்து வைக்கலாம் என்று போஸ்மன் கோர்ட்டுக்குப் போனார். ஐந்து வருஷம் இழுத்தது. 1995 டிசம்பர் 15ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த வீரன், மாற்றுப் பணம் இல்லாமலே இன்னொரு கிளப்புக்குப் போகலாம்! அன்றைக்கு வீரன் கையில் பேரம் பேசுகிற பலம் வந்தது. பேரம் என்று வந்தால் பேசத் தெரிந்த ஆள் வேண்டுமே? ஏஜெண்டுகளின் காலம் விரிந்தது. வழி திறந்துவிட்ட போஸ்மனுக்கோ அதிகம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் வறுமையில் கஷ்டப்பட்டார் என்பது வேறு கதை. ஊருக்குக் கிணறு வெட்டினவன் தாகத்தோடு போவது புதிதா என்ன?

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். விளையாடிய ஒருவன் இந்த நாற்காலிக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதற்கு ஜார்ஜ் மென்டிஸை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

1966ல் போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய கால்பந்து வீரனாக வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. நடக்கவில்லை. வடக்குப் போர்ச்சுக்கலில் சின்னச் சின்ன கிளப்புகளில் விளையாடியதோடு சரி. வயிற்றுப்பாட்டுக்கு வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்தார். பிறகு ஒரு இரவு விடுதி நடத்தினார். 1996ல் நூனோ என்கிற கோல்கீப்பருடன் பழக்கம் ஏற்பட்டது. அவர் விட்டோரியா கிமராயிஷ் கிளப்பில் இருந்தார். ஸ்பெயினில் டிபோர்டிவோ லா கொருன்யா கிளப்புக்குப் போக ஆசை. கிளப் விடவில்லை. மென்டிஸ் அலைந்து திரிந்து, இரண்டு பக்கமும் பேசி, 1997ல் அந்த மாற்றத்தை முடித்துக் கொடுத்தார். அதுதான் அவருடைய முதல் வேலை!

அதற்குப் பிறகு நடந்தது உலகறிந்தது. மடீராத் தீவிலிருந்து வந்த கிறிஸ்டியானோ ரொனால்டோ என்ற 18 வயதுப் பையன் 2003ல் மான்செஸ்டர் யுனைடெட் போனபோதும், 2009ல் 8 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட் போனபோதும் பக்கத்தில் இருந்தவர் மென்டிஸ். கோச் ஹோசே மொரினியோவுக்கும் அவர்தான் ஏஜெண்ட். இதில் நான் கவனிக்கிற விஷயம் கோடிகள் இல்லை. அந்த முதல் கோல்கீப்பர் நூனோ இருக்கிறாரே, அவர் ஆட்டத்தை விட்டு கோச் ஆனபிறகும், பல ஆண்டுகள் கழித்து வலென்சியா, வுல்வ்ஸ் என்று பெரிய கிளப்புகளுக்குப் போனபோதும் மென்டிஸோடுதான் இருந்தார். முதல் வாடிக்கையாளன் இருபது வருஷம் கழித்தும் கூடவே இருக்கிறான் என்றால் அதுதான் ஒரு ஏஜெண்டுக்குச் சான்றிதழ்.

இன்னொருவர் மினோ ரயோலா. 1967ல் இத்தாலியில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே நெதர்லாந்துக்குப் போன குடும்பம். ஹார்லெம் நகரத்தில் அப்பாவுக்கு ஓட்டல். பையன் ஓட்டலில் மேஜை துடைத்துக்கொண்டே உள்ளூர் கிளப்பின் இளைஞர் அணியில் ஆடினான். ஆட்டத்தில் தேறவில்லை. ஆனால் பல பாஷை பேசத் தெரியும், மனுஷர்களோடு பேசத் தெரியும். 2016ல் பால் போக்பாவை மான்செஸ்டர் யுனைடெட் 8 கோடியே 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது, உலகிலேயே அதுதான் அதிக விலை. அந்தப் பேரத்தை முடித்தவர் ரயோலா. 2022 ஏப்ரலில் காலமானார்.

இரண்டு பேரும் ஆட்டத்தில் தோற்றவர்கள். தோற்ற இடத்திலிருந்தே தொழில் கற்றவர்கள். ட்ரெஸ்ஸிங் ரூமில் ஒரு வீரன் எதற்குப் பயப்படுகிறான், பெஞ்சில் உட்கார வைத்தால் எப்படி உள்ளுக்குள் உடைகிறான், வலியை மறைத்துக்கொண்டு எதற்காக ஆடுகிறான் என்பதெல்லாம் விளையாடியவனுக்குத்தான் தெரியும். லேத்தில் நின்று வேலை பார்த்தவனுக்குத்தான் டூல் சத்தத்தில் வித்தியாசம் தெரியும் என்பார்களே, அதுபோல.

"இதெல்லாம் ஐரோப்பாக் கதைப்பா, நமக்கெதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயம். நம் ஊருக்கு வருவோம்.

நம் அப்பா காலத்தில் சென்னையில் நன்றாக ஃபுட்பால் ஆடுகிறவனுக்குத் தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க் என்று வேலை கிடைக்கும். வேலைதான் அவனுக்குக் காப்பு. கால் உடைந்தாலும் சம்பளம் வரும், வயதானால் பென்ஷன் வரும். ஏஜெண்ட் எதற்கு? 2014ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. பணம் வந்தது, டி.வி. வந்தது, பெயர் வந்தது. ஆனால் நிரந்தர வேலையின் இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று வருஷ ஒப்பந்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது வீரனுக்குக் காப்பு அந்த ஒப்பந்தத் தாள் மட்டும்தான். அதை யார் படிக்கிறார்கள், யார் புரிந்து கையெழுத்துப் போடுகிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரவிபுத்தன்துறை என்று ஒரு கடற்கரைக் கிராமம். எங்கள் குப்பங்களைப் போலவே கடலை நம்பி வாழ்கிற ஊர். அங்கே மீனவர் வீட்டில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடி, 2018ல் ஜாம்ஷெட்பூர், 2019ல் ஏ.டி.கே. என்று உயர்ந்து, 2019-20 ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அணியில் இருந்தார். அடுத்த சீசன், 2020 நவம்பர் 20, முதல் ஆட்டம். தொடங்கிக் கால் மணி நேரம் ஆகவில்லை, முழங்காலில் பலத்த அடி. அந்த சீசனே போயிற்று! அப்படி ஒரு நாளில் வீரனுக்குத் துணை நிற்பது கைத்தட்டலா? ஒப்பந்தத்தில் காயத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் துணை நிற்கும். அந்த வரியை எழுதிவைக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

2025ல் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்துகிற கம்பெனிக்கும் இருந்த உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது, புதியது போடப்படவில்லை என்று ஐ.எஸ்.எல். தொடரையே அந்த ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் வீரர்கள் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. தேசிய அணியில் ஆடியவர்களுக்கே இந்த நிலை! இரண்டு யானைகள் முட்டிக்கொண்டால் நசுங்குவது புல்தானே? வீரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பாய்ச்சுங் பூட்டியா முன்னின்று 2006ல் தொடங்கிய இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம். 1999லேயே இங்கிலாந்தின் பரி கிளப்பில் ஒப்பந்தம் போட்டு ஆடியவர் பூட்டியா. ஒப்பந்தத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சங்கம் எல்லோருக்கும் பொதுவானது. ஒவ்வொரு பையனின் தாளையும் வரி வரியாகப் படிக்க, அவனுக்கென்று ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? எங்கள் குப்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். யார் பெயரும் வேண்டாம். மணலில் பொங்கல் டோர்னமெண்ட் முடிந்த அன்று, ட்ராக் சூட் போட்ட ஒருவர் வந்தார். மூன்று பையன்களைத் தனியாக அழைத்து, "உங்க லெஃப்ட் கால் இருக்கே, அது தங்கம் தம்பி" என்றார். பெரிய கிளப்பில் செலக்‌ஷன், தங்குமிடம், கிட், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்குப் பதினைந்தாயிரம். ஒரு பையனின் அம்மா கம்மலை அடகு வைத்தார்கள். இன்னொருவனுடைய நைனா, இறால் வியாபாரியிடமே மேலும் முன்பணம் வாங்கினார். ரயிலேறிப் போய்ப் பார்த்தால், அது யார் வேண்டுமானாலும் இலவசமாக வரக்கூடிய செலக்‌ஷன்! இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். பத்து நிமிஷம் ஓட விட்டு அனுப்பிவிட்டார்கள். ட்ராக் சூட்காரர் போனை எடுக்கவில்லை. மூன்று பேரில் இரண்டு பேர் அதற்குப் பிறகு பந்தைத் தொடவே இல்லை. போன பணத்தை நினைத்து வருத்தப்படுவதைவிட, அந்த இரண்டு பேரை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

இது நம் ஊர் ஏமாளித்தனம் என்று நினைக்காதீர்கள். மென்டிஸின் போர்ச்சுக்கலிலேயே 2023 ஜூனில் ஒரு கால்பந்துப் பயிற்சிக்கூடத்தைப் போலீஸ் சோதனை போட்டது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியாவிலிருந்து கனவோடு வந்த பையன்கள், சிறுவர்கள் உட்பட, அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். ஆள்கடத்தல் என்று விசாரணை நடந்தது. கனவு இருக்கிற இடத்திலெல்லாம் அதை அடகு பிடிக்கிறவனும் இருப்பான்.

ஆகவே விதிகளைத் தெரிந்துகொள்வது முக்கியம். இதோ, சுருக்கமாக.

சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, 2015ல் லைசென்ஸ் முறையைக் கைவிட்டது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு இடைத்தரகர் ஆகலாம் என்ற நிலை வந்தது. குழப்பம் அதிகமானதும் 2022 டிசம்பரில் புதிய விதிகள் கொண்டு வந்தார்கள். 2023 அக்டோபர் 1 முதல் லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் வாங்கப் பரீட்சை எழுத வேண்டும். முதல் பரீட்சை 2023 ஏப்ரல் 19ல் நடந்தது. 20 கேள்விகள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற முறை. 75 சதவீதம் எடுத்தால் பாஸ். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். "ஓபன் புக்கா? அப்ப ஈஸி" என்று துள்ளாதீர்கள். எழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தேறினார்கள்! இதற்கு டிகிரி கேட்கவில்லை, டிப்ளமோவும் கேட்கவில்லை. குற்றத் தண்டனை இருக்கக்கூடாது, கிளப்பிலோ சம்மேளனத்திலோ வேலையில் இருக்கக்கூடாது, சூதாட்டத் தொழிலில் பங்கு இருக்கக்கூடாது என்று நடத்தையைத்தான் கேட்கிறார்கள்.

அடுத்தது, வீரனோடு ஏஜெண்ட் போடுகிற ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. ஆயுள் அடிமை சாசனம் எல்லாம் செல்லாது. வயது வராத பையன் என்றால், அந்த நாட்டுச் சட்டப்படி அவன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடக்கூடிய வயதுக்கு ஆறு மாதம் முன்புதான் ஏஜெண்ட் அணுகலாம். அதற்கும் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் முதலில் வேண்டும். 18 வயது நிரம்பாதவனை வெளிநாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதற்கே, சில விலக்குகள் தவிர, தடை இருக்கிறது. "உங்க 14 வயசுப் பையனை ஸ்பெயினுக்கு அனுப்புறேன், காச எடுங்க" என்று எவனாவது சொன்னால், வாசலைக் காட்டுங்கள்.

கமிஷன்? வருஷ வருமானம் 2 லட்சம் டாலர் வரை 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 3 சதவீதம் என்று வீரன் தரப்பு ஏஜெண்டுக்கு உச்சவரம்பு போட்டார்கள். பெரிய ஏஜெண்டுகள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 டிசம்பர் 30ல் ஃபிஃபாவே கட்டண வரம்பை நிறுத்தி வைத்தது. லைசென்ஸ் விதி நின்றது. அந்த 2023 ஒரே வருஷத்தில் நாடு விட்டு நாடு மாறிய வீரர்களுக்காக கிளப்புகள் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்த தொகை 88 கோடி டாலருக்கு மேல் என்று ஃபிஃபா கணக்குச் சொல்கிறது. எவ்வளவு பெரிய தேன்கூடு, எத்தனை பேர் கை நீட்டுவார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

இவ்வளவும் தெரிந்த பிறகு சில நண்பர்கள் சொல்வார்கள்: "ஏஜெண்ட் என்பவன் உழைக்காமல் தின்கிற ஒட்டுண்ணி. விளையாட்டுக்கு அவனே வேண்டாம்." இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. மென்டிஸ் மீதே புகார்கள் வந்தன. வுல்வ்ஸ் கிளப்பை வாங்கிய சீனக் கம்பெனிக் குழுமம் மென்டிஸின் கம்பெனி பக்கமும் பங்கு வாங்கியிருந்தது, அந்த கிளப்புக்கு அவருடைய வீரர்களும் போனார்கள். இது சரியா என்று 2018ல் போட்டிக் கிளப்புகள் குரல் எழுப்பின. விதிமீறல் இல்லை என்று லீக் நிர்வாகம் சொன்னது. விதி மீறவில்லை, சரி. ஆனால் எங்கள் குப்பத்துக் கிழவர் கேட்கிற கேள்வியை விதிப்புத்தகம் கேட்காது: "நீ யாரு பக்கம்பா?"

மற்றப் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏஜெண்ட் வேண்டாம் என்று நாம் சொன்னால் நாற்காலி காலியாக இருக்காது. கிளப் பக்கத்தில் வக்கீல் இருப்பார், கணக்கர் இருப்பார், மேனேஜர் இருப்பார். எதிரில் 19 வயதுப் பையன், அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அல்லது அவன் பக்கத்தில் அந்த ட்ராக் சூட்காரர் உட்கார்ந்திருப்பார். ஆக, அந்த நாற்காலி எப்படியும் நிரம்பும். அதில் நம் ஆள் உட்காருகிறானா, அயலான் உட்காருகிறானா என்பதே நம் முன்னால் இருக்கிற கேள்வி.

விளையாடியவன் என்பதாலேயே ஒருவன் யோக்கியன் ஆகிவிடுவானா? மாட்டான். ட்ராக் சூட்காரரும் ஒரு காலத்தில் ஆடியவர் என்றுதான் கேள்வி! மைதான அனுபவம் கண்ணைக் கொடுக்கும், மனசாட்சியைக் கொடுக்காது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். எங்கள் ஏரியில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. இறால் வலை கட்டுகிற இடங்களைப் 'பாடு' என்று பிரித்து, எந்தத் தலைக்கட்டுக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களின் பழைய வழக்கம். பணக்காரன் என்று நல்ல இடம் கிடையாது, ஏழை என்று கெட்ட இடம் கிடையாது. அந்த முறைக்குள் இடம் இல்லாதவர்களின் குறை தனி, அதுவும் தீர்க்கப்பட வேண்டியதுதான். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. பங்கு பிரிப்பது ஊர் முன்னால், எல்லோர் கண் முன்னால் நடக்கிறது. அதனால்தான் இத்தனை தலைமுறை நிற்கிறது.

ஏஜெண்ட் தொழிலுக்கும் இதைத்தான் சொல்வேன். கணக்கு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். லைசென்ஸ் நம்பரைச் சொல்ல வேண்டும். வீரன் படிக்கிற பாஷையில் ஒப்பந்தத்தை விளக்க வேண்டும். வீரன் சம்பாதித்த பிறகுதான் கமிஷன், அதற்கு முன்னால் ஒரு பைசா வாங்கக்கூடாது. முன்பணம் கேட்கிற ஏஜெண்டை நம்பக்கூடாது, முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுகிற ஏஜெண்டையும் நம்பக்கூடாது. பின்னதுதான் ரொம்ப ஆபத்து என்று எந்த இறால்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

விளையாடாத நண்பர்கள் இவ்வளவு நேரம் கொட்டாவி விட்டிருந்தால் ஒரு வார்த்தை. இது பந்து விஷயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அடுத்த மே மாதம் நாம் எல்லோரும் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போடப் போகிறோம். அப்ரண்டிஸ் ஒப்பந்தம், ட்ரெயினி ஆர்டர், இரண்டு வருஷ பாண்டு, காண்ட்ராக்டர் மூலம் வேலை, வளைகுடா வேலை. "ஒரிஜினல் சர்டிஃபிகேட் கொடுத்துட்டுப் போ தம்பி" என்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதற்கே 1983ல் குடிபெயர்வுச் சட்டம் கொண்டு வந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அந்தப் பதிவு நம்பரைக் கேட்போம்? ட்ராயிங்கில் ஒரு டாலரன்ஸ் தவறினால் ஜாப் ரிஜெக்ட் ஆகும் என்று மூன்று வருஷம் படித்தோம். ஒப்பந்தத்தில் ஒரு வரி தவறினால் ஆளே ரிஜெக்ட் ஆவான் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

நம் மாணவர் பேரவைக்கு இந்தப் பக்கம் வழியாக மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, பேரவை அறையில் மாதம் ஒரு மாலை 'தாள் படிக்கிற நாள்' வைக்க வேண்டும். வேலை ஆர்டரோ கிளப் ஒப்பந்தமோ, யார் கொண்டு வந்தாலும் சீனியர்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த ஒரு வக்கீலை வருஷத்துக்கு இரண்டு முறை அழைத்தால் போதும்.

இரண்டு, நம் கல்லூரி அணியில் ஆடி முடித்துப் போகிற அண்ணன்களில் விருப்பமுள்ளவர்கள் இரண்டு பேராவது அந்த ஃபிஃபா பரீட்சைக்குத் தயாராக வேண்டும். பரீட்சை ஆங்கிலம், பிரெஞ்ச், ஸ்பானிஷ் ஆகிய மொழிகளில்தான் நடக்கிறது. நமக்கு ஆங்கிலம்தான் தடை. அந்தத் தடையைத் தாண்ட நூலகத்தில் விதிப்புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்து, சேர்ந்து படிக்கலாம். தெர்மல் இன்ஜினியரிங் அரியரையே தாண்டியவர்கள் நாம்!

மூன்று, மாவட்டத்தில் எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும் நம் பேரவை பெயரில் ஒரு போர்டு வைக்க வேண்டும்: "செலக்‌ஷனுக்குப் பணம் கேட்பவரிடம் லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள்." இருநூறு ரூபாய் ஃப்ளெக்ஸ், பதினைந்தாயிரத்தைக் காப்பாற்றும். ஒரு கம்மலைக் காப்பாற்றும். அதற்கும் மேலே, ஒரு நல்ல இடது காலைக் காப்பாற்றும்.

நண்பர்களே! கோல் போடுகிறவனை ஊர் தோளில் தூக்கும். கோல் போட்டவன் ஏமாறாமல் பார்த்துக்கொண்டவனை யாரும் தூக்க மாட்டார்கள், அவன் பெயர் பேப்பரிலும் வராது. ஆனால் நம் குப்பங்களுக்கும் சேரிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் இன்று கோல் போடுகிறவர்கள் குறைவில்லை. குறைவாக இருப்பது அந்த இரண்டாவது ஆள்தான். ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றுகிற அண்ணன்மார்களே, தம்பியின் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. படித்துவிட்டு வந்து உட்காருங்கள்!